நடுப்பக்கத்துப் படக்கதை

மணி ஆறு இருபது. அப்பாவின் மேஜைக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு கை. கோபுர ஜன்னலின் கம்பிகளுக்கு வெளியே நீண்டிருந்த ஒரு பெண்ணின் கை. அதில் முகம் பார்க்கும் கண்ணாடி. கண்ணாடியிலிருந்து வெள்ளைக் கோடுகள் கடலை நோக்கிப் போயின. எதிர்வீட்டு வாசலில் மாட்டுவண்டியிலிருந்து அப்போதுதான் இறக்கிப்போட்ட பழைய பேப்பர்க் கட்டு ஒன்றில், சணல் கயிற்றுக்கு அடியில் பிதுங்கி நின்ற பக்கத்தில் அந்தப் படம் இருந்தது.

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் டூரிங் டாக்கீஸிலும் தொடர்கதையிலும் படக்கதையிலும் வந்து நிற்கிறது. உங்களுக்குப் பிடித்தது எது என்று போன மாதம் என்னையும் கேட்டீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை. 'கண்ணாடித் தீவு' என்று ஒரு படக்கதை. ஒரு வாரப் பத்திரிகையில் பதின்மூன்று வாரம் வந்தது. உங்களில் யாருக்கும் அது நினைவிருக்காது. அதை எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் நினைவிருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அறுபதுகளின் நடுப்பகுதி. சிவகாசியிலிருந்து விஸ்வநத்தம் போகிற பாதையில் இருந்தது எங்கள் ஊர். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் வீட்டில் வேதாகமம், ஞானப்பாட்டுப் புத்தகம், ஓர் அகராதி, பள்ளிப் பாடப் புத்தகங்கள் தவிர வேறு அச்சுக் காகிதம் கிடையாது. சினிமாவுக்குப் போவது பாவம். தொடர்கதை படிப்பது நேரத்தைக் கெடுப்பது. படக்கதையைப் பற்றி அப்பா சொன்னது இது: "படம் பாத்துப் படிக்கிறது படிப்பா? ஆடு சினிமா நோட்டீஸைத் திங்கிற மாதிரி. வயிறு நிறையும். விஷயம் ஒண்ணும் ஏறாது."

எதிர்வீட்டில் அச்சுக் காகிதம் மலையாகக் கிடந்தது. விற்காத பத்திரிகைகள், கிழிந்த நாவல்கள், பழைய கணக்கு நோட்டுகள் எல்லாம் மதராஸிலிருந்து லோடு லோடாக வந்து இறங்கும். வெடிக்குக் குழாய் உருட்ட அந்தக் காகிதம்தான். கட்டுக் கட்டாக வீடுகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து பட்டை பட்டையாக வெட்டி, கம்பியில் சுற்றி, பசை தடவி, குழாயாக உருவிப் போடுவார்கள். காய்ந்ததும் கம்பெனிக்குப் போகும். அங்கே மருந்து அடைப்பார்கள். நாடெங்கும் தீபாவளிக்கு வெடித்தவற்றில் பாதி, யாரோ எழுதிய தொடர்கதைகள்.

எதிர்வீட்டில் இரண்டே பேர். அத்தை என்று நான் கூப்பிட்ட அம்மாக்காரி. அக்கா என்று நான் கூப்பிட்ட மகள். உறவு ஒன்றும் இல்லை. அத்தை முன்பு பருத்திக்காட்டில் கூலிக்குப் போனவள். பிறகு வீட்டிலிருந்தே குழாய் உருட்டினாள். அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். மூன்றாம் வகுப்போடு நின்று, அந்த வருஷம் கம்பெனிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். காலை ஆறரைக்குப் புளியமரத்தடியில் கம்பெனி லாரி வரும்.

அன்று நான் அந்தப் பக்கத்தைக் கட்டிலிருந்து உருவப் பார்த்தேன். அது வரவில்லை. அக்கா கையில் தூக்குச்சட்டியோடு வெளியே வந்தாள்.

"ஏட்டி, இளுக்காத. கிளிஞ்சிரும். நடுப்பக்கம்லா, பின்னு பிடிச்சிருக்கும்."

கட்டைத் தளர்த்தி, புத்தகத்தை விரித்து, நகத்தால் இரண்டு கம்பிப் பின்களையும் நிமிர்த்தி எடுத்தாள். அது அந்த வீட்டுச் சட்டம். குழாய்க்குப் போகிற காகிதத்தில் இரும்பு இருக்கக் கூடாது. மருந்துக்குப் பக்கத்தில் இரும்பு உரசினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். அதனால் காகிதத்தைத் தொடும் முன் பின் எடுக்க வேண்டும். எடுத்த பின்னைத் தேங்காய்ச் சிரட்டையில் போட வேண்டும். அத்தை அதற்கு மேலும் ஒன்று வைத்திருந்தாள். எண்ண வேண்டும்.

"புத்தகத்துக்கு ரெண்டு" என்பாள். "எத்தன புத்தகம் பிரிச்சியோ, அம்புட்டுக்கு ரெண்டு சிரட்டையில கெடக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் எந்திரிக்கக் கூடாது. தேடு."

குறைந்தால் எல்லோரும் முழங்காலில் தவழ்ந்து தேடுவோம். ஒரு முறை ஒரு பின்னுக்காக உருட்டிய குழாய் நாற்பதையும் அவிழ்த்தாள். வேறு எந்த வீட்டிலும் இந்தக் கண்டிப்பு இல்லை. தெருவில் அவளுக்குப் பின்னுக்காரி என்று பெயர்.

நான் முதலில் பார்த்தது நான்காவது வாரக் கதை. அடுத்துக் கிடைத்தது முதல் வாரம். அதன் பிறகு ஒன்பதாவது. பழைய பேப்பருக்கு வரிசை ஏது? ஒரு பெண்ணைக் கோபுரத்தில் அடைத்திருக்கிறார்கள். அவள் கண்ணாடியைக் காட்டிக் கப்பலைக் கூப்பிடுகிறாள். கப்பலில் அவளுடைய அண்ணன் இருக்கிறான். ஆனால் கப்பலிலேயே ஒரு துரோகி இருக்கிறான். திசைகாட்டியைக் கெடுப்பவன், கடிதத்தைக் கடலில் எறிபவன். அவன் யார் என்பதுதான் கதை. ஒற்றைக்கண் சமையல்காரனா, பேசாத மாலுமியா, கணக்குப்பிள்ளையா? கப்பலில் ஒரு வைத்தியரும் உண்டு. வெள்ளைத் தாடி, எல்லோருக்கும் மருந்து கொடுப்பவர். அவரை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். "நீ எளுத்தப் பாரு, நான் படத்தப் பாக்கேன்" என்று பிரித்துக்கொண்டாள். ஞாயிறு மத்தியானம், கோயில் முடிந்து அப்பா தூங்கும் நேரம், எதிர்வீட்டில் குழாய் உருட்டுகிற இடத்தில் நாங்கள் உட்காருவோம். நான் கட்டத்துக்குள் இருக்கும் எழுத்தை வாசிப்பேன். அக்கா நகர மாட்டாள். ஒரு கட்டத்தின் மேல் குனிந்து ஐந்து நிமிடம் இருப்பாள்.

"வாத்தியார் மகளே, இங்கன பாரு. எல்லாவனும் மேல்தட்டுல நிக்கான். இந்தத் தாடிக்காரரு செருப்பு மட்டும் நனைஞ்சிருக்கு."

"அது மைப்புள்ளி. அச்சுல தெறிச்சிருக்கு."

"அது எப்படி, செருப்புல மட்டும் தெறிக்கும்? ஒரு வாரம் தெறிச்சா சரி. ஒண்ணாவது வாரத்துலயும் தெறிச்சிருக்கே."

"வைத்தியரு நல்லவரு. சமையக்காரனுக்கே காய்ச்சலுக்கு மருந்து குடுத்தாரே."

"மருந்து குடுக்கிறவன் எல்லாம் நல்லவனா? எங்க கம்பெனியிலயும் ஒருத்தர் நாள் பூரா மருந்துதான் குடுக்காரு. போர்மேனு." அவள் சிரித்த சிரிப்பில் பசைக் கிண்ணம் கவிழ்ந்தது. அத்தை விளக்குமாற்றை எடுத்தாள்.

நான் மைப்புள்ளி என்றேன். வாதத்தில் நான்தான் ஜெயித்தேன், ஏனென்றால் எனக்குத்தான் படிக்கத் தெரியும்.

டூரிங் டாக்கீஸைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். ஆமத்தூர்ப் பக்கம் கொட்டகை போட்டிருந்தார்கள். நான் போனதில்லை. கலர் நோட்டீஸ் வீசிக்கொண்டு தமுக்கு வண்டி வரும்போது, ஒரு நோட்டீஸ் எடுத்துப் பாவாடைக்குள் மடித்து வைத்ததோடு என் சினிமா முடிந்தது. அக்கா மாதம் ஒரு படம் பார்த்துவிடுவாள். ஊர்ப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து முதல் ஆட்டத்துக்கு நடந்து போவார்கள். ஆனால் ஒருத்தியும் முடிவு பார்த்ததில்லை. படம் முடிந்து விளக்குப் போட்டதும் ஆண்கள் கூட்டம் இடித்துத் தள்ளிக்கொண்டு வரும். அதனால் கடைசிச் சண்டை தொடங்கியதும் எங்கள் ஊர்ப் பெண்கள் எழுந்து மணலைத் தட்டிவிட்டு நடக்கத் தொடங்குவார்கள். அது எழுதாத வழக்கம். முடிவை அவர்கள் பாதையில் நடந்துகொண்டே முடிவு செய்வார்கள்.

அக்காவின் முடிவுகள்தான் எனக்குத் தெரிந்த சினிமா முடிவுகள். ஒரு படத்தில் வில்லன் கிணற்றில் விழுந்துவிடுகிறான். யாரும் தூக்கவில்லை. சாப்பாடு மட்டும் கயிற்றில் இறக்குகிறார்கள். அவன் தவளைக்கு நியாயம் சொல்லிக்கொண்டு அங்கேயே இருக்கிறான். அந்தப் படத்தை நாற்பது வருஷம் கழித்துத் தொலைக்காட்சியில் பார்த்தேன். போலீஸ் வந்து விலங்கு போட்டது. எல்லோரும் வரிசையாக நின்று சிரித்தார்கள். அணைத்துவிட்டேன்.

புரட்டாசிக்குள் பன்னிரண்டு வாரக் கதையும் சேர்ந்துவிட்டது. அதற்காக நான் அந்தத் தெருவில் ஏறாத வீடு இல்லை. எங்கே கட்டு பிரித்தாலும் போய் நிற்பேன். "வாத்தியார் பிள்ளைக்குப் படிப்பு மேல எம்புட்டு ஆசை" என்று பெண்கள் பாராட்டினார்கள். நடுத்தாளை உருவிக்கொண்டு வந்து, பின்களை ஒரு பெப்பர்மின்ட் டப்பாவில் போட்டேன். எங்கள் கதையின் பின்கள் சிரட்டைப் பின்களோடு கலக்கக் கூடாது என்பது என் ஏற்பாடு. வாரத்துக்கு இரண்டு. டப்பாவைக் குலுக்கினாலே எத்தனை வாரம் சேர்ந்திருக்கிறது என்று தெரிவதாக எனக்கு ஒரு நினைப்பு.

பன்னிரண்டாவது வாரம் குழாயாகிவிட்டிருந்தது. அத்தையே உருட்டிவிட்டாள். காய வைத்திருந்த குழாய் ஒன்றின் வெளிச்சுற்றில் கோபுரத்தின் உச்சியைக் கண்டுபிடித்தது அக்கா. இரண்டு பேரும் உட்கார்ந்து குழாய்களைத் தண்ணீரில் ஊறவைத்து, பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஓலைப்பாயில் ஒட்டவைத்தோம். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலந்திருப்பதால் பட்டையெல்லாம் நீலம் பாரித்திருந்தது. பதினோரு பட்டைகள். சமையல்காரனின் மூக்கு கடைசிவரை கிடைக்கவில்லை.

அத்தை பார்த்துவிட்டாள். "ஊரு ஒலகத்துல உருட்டத்தான் பிள்ள பெறுவாக. நான் அவுக்கிறதுக்குப் பெத்திருக்கேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரட்டையிலிருந்து இரண்டு பின்களைப் பொறுக்கி என்னிடம் நீட்டினாள்.

"இந்தா. இதுக்கும் ரெண்டு போட்டுக்கோ தாயி. கணக்கு கணக்குதான்."

அப்படியாக டப்பாவில் இருபத்து நாலு.

கம்பெனியில் அக்காவுக்குக் கதைக்காரி என்று பெயராகிவிட்டது. மத்தியானம் வேப்பமரத்தடியில் கஞ்சி குடிக்கும்போது அவள் கண்ணாடித் தீவு சொல்வாள். வாரப் பத்திரிகை மாதிரியே, சரியான இடத்தில் நிறுத்திவிட்டுத் தூக்குச்சட்டியைக் கழுவப் போய்விடுவாளாம். சுற்றியிருப்பவர்கள் வைவார்களாம். சீசன் வேலை ஏறிக்கொண்டிருந்த நேரம். ஆர்டர் குவிந்திருந்தது. "நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்புல ஏளு பேரு இருக்கோம்ட்டி. காலு நீட்டுனா அடுத்தவ மடியிலதான் நீட்டணும்" என்று அக்கா வேடிக்கையாகச் சொன்னாள். நானும் சிரித்தேன். எங்கள் வாசலில் நின்று சொன்னாள். அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பதின்மூன்றாவது வாரம், அதாவது முடிவு, ஒரு சனிக்கிழமை தெருவின் கடைசி வீட்டில் கிடைத்தது. நடுத்தாளைப் பின்னோடு பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தேன். படித்தும்விட்டேன். ஞாயிறு முழுவதும் அப்பா வீட்டில் இருந்ததால் வெளியே எடுக்க முடியவில்லை. அன்று அக்கா மட்டும் ஜன்னல் வழியாகக் கேட்டாள். கிடைத்துவிட்டது என்று சைகை காட்டினேன். அவள் தன் உதட்டின் மேல் விரலை வைத்தாள். சொல்லாதே என்று அர்த்தம்.

திங்கள்கிழமை காலை ஆறு மணி. ஆறரைக்குக் குடும்ப ஜெபம். அம்மா டியூட்டியிலிருந்து இன்னும் வரவில்லை. அப்பா கிணற்றடியில் இருந்தார். அம்மாவின் பெட்டியிலிருந்து வெள்ளை நூலும் ஊசியும் எடுத்து, பதின்மூன்று தாள்களையும் அடுக்கி, முதுகில் நாலு தையல் போட்டேன். கதை முதன்முறையாக வரிசையில் இருந்தது. மேலே ஒரு பழுப்புத்தாள் அட்டை. கடிகாரம் ஆறு இருபது காட்டியபோது புளியமரத்துக்கு ஓடினேன்.

லாரி முன்னதாகவே வந்துவிட்டது. அக்கா பின்பலகையில் கால் தொங்க உட்கார்ந்திருந்தாள்.

"கதைக்காரிக்குப் புத்தகம் வந்துருச்சுடி, எடம் விடுங்க" என்று உள்ளேயிருந்து ஒருத்தி கத்தினாள்.

"அக்கா, கள்ளன் யாருன்னு—"

"வாய மூடுட்டி. சொன்னியன்னா பல்ல ஒடச்சிருவேன். மத்தியானம் எல்லாரும் சேந்து பாப்போம்." புத்தகத்தை வாங்கினாள். முதுகைத் தடவிப் பார்த்தாள். "பின்னு?"

"எடுத்தாச்சு."

"நல்ல பிள்ள." மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். லாரி புறப்பட்டது.

பதினொன்று பத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடந்துகொண்டிருந்தது. முதலில் தரை அசைந்தது. பிறகு சத்தம். ஓட்டிலிருந்து தூசி விழுந்து சிலேட்டுகளில் படிந்தது. அப்பா சாக்பீஸோடு அப்படியே நின்றார். வெளியே பெண்கள் ஓடும் சத்தம் கேட்டது. எந்தத் திசை, எந்தக் கம்பெனி என்று சத்தத்திலேயே எங்கள் ஊருக்குத் தெரியும்.

மூன்று பேர். அக்கா ஒருத்தி. நான் போய்ப் பார்க்கவில்லை. விடவில்லை. அம்மா பார்த்தாள். அதைப் பற்றி அவள் கடைசிவரை எதுவும் சொல்லவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்குப் புளியமரத்தடியில் போர்மேன் நின்றார். சுற்றிலும் ஊர். அவர் கையில் பாதி எரிந்த ஒரு தாள். முதுகுப் பக்கம் எரிந்துபோயிருந்தது. மிச்சத்தில் கப்பலின் மேல்தட்டு. தாடிக்காரர் நின்றிருந்தார். நான் ஆறடி தூரத்தில் இருந்தேன்.

"பாருங்க இத. மடியில வச்சுக் கொண்டாந்திருக்கா. பின்னு போட்ட புத்தகம். மருந்துத் தட்டுல பின்னு உரசுனா நிக்குமா? ஒருத்தி கத படிக்க மூணு உசுரு போயிருக்கு. கம்பெனி என்னலே செய்யும்?"

எல்லோர் முகத்திலும் ஒரு தெளிவு வந்ததை நான் பார்த்தேன். பின் என்றதும் எங்கள் ஊருக்குப் புரிந்துவிட்டது. ஏழு பேர் இருந்த அறை என்றால் அப்படிப் புரிந்திருக்காது. அறையை யாரும் பார்த்ததில்லை. பின்னை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

அதன் பிறகு எதிர்வீட்டு வாசலில் பேப்பர்க் கட்டு இறங்கவில்லை. "பின்னு பாக்கத் தெரியாத வீடு" என்றார்கள். இறந்த மற்ற இரண்டு பெண்களின் வீட்டார் அத்தையைக் கண்டால் பாதை மாறி நடந்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டுப் பிறகு வந்தார்கள்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். படியேறவில்லை. அப்பா நாற்காலியில் இருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் இலக்கணம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"வாத்தியாரய்யா, சாப்பிட்டீகளா?" என்றாள். அப்பா தலையசைத்தார்.

"பாப்பாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்."

"பாப்பாட்ட என்ன?"

"அந்தப் படப் புத்தகம். ரெண்டு பேரும் சேந்துதான் படிப்பாக."

"எங்க வீட்ல அந்த மாதிரிப் புத்தகம் நுழையாது" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னார். "உங்க துக்கம் புரியுது. ஆனா இந்தப் பிள்ளைக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது."

அத்தை அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "தாயி, அந்தப் பெப்பர்மின்ட் டப்பா இருக்குல்ல. எடுத்துட்டு வா. எண்ணிப் பாப்போம். பதின்மூணு புத்தகம். இருபத்தாறு இருந்தா எம்மக மடியில பின்னு இல்ல. இருபத்து நாலுன்னா இருந்திருக்கு. எதுன்னாலும் சரி. எனக்குத் தெரியணும்."

டப்பா என் பள்ளிப் பெட்டியில், என் காலருகில் இருந்தது.

திங்கள்கிழமை காலையை நான் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஊசி, நூல், பழுப்புத்தாள், கிணற்றடியில் வாளிச் சத்தம். பதின்மூன்றாவது தாளிலிருந்து பின்னை நகத்தால் நிமிர்த்துகிறேன். ஆனால் அது பதின்மூன்றாவது தாளா, ஏழாவது தாளா? எடுத்த நினைவு எல்லா வாரத்துக்கும் ஒன்றுபோலவே இருக்கிறது. அதே நகம், அதே கம்பி. "எடுத்தாச்சு" என்று லாரியடியில் சொன்னது நிச்சயம். எடுத்தது நிச்சயமில்லை. அன்று அத்தை முன்னால் நின்றபோதும் நிச்சயமில்லை. டப்பாவைத் திறந்து இருபத்து நாலு இருந்தால்?

"எந்த டப்பா, அத்தை?" என்றேன்.

"சரி தாயி, படி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பா எங்கள் ஊரின் மனுக்களை எழுதுபவர். அடுத்த வாரம் போர்மேன், இறந்த மற்ற இரண்டு பெண்களின் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த வீடுகளில் ஆளுக்கு ஒருவருக்குக் கம்பெனியில் வேலை தருவதாகப் பேச்சு. அதற்கு மனு வேண்டும். மனுவில் காரணமும் வேண்டும் என்றார் போர்மேன். அப்பா எழுதினார். மைக்கூட்டை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். 'மேற்படி விபத்தானது, வேலைக்கு வந்த பெண் ஒருத்தி விதிக்கு மாறாக மறைத்துக் கொண்டுவந்த படக்கதைப் புத்தகத்தின் இரும்புக் கம்பி உராய்ந்ததால் நேர்ந்ததென்பதை ஊரார் அறிவோம்.' அழகான கையெழுத்து. ஒரு பிழை இல்லை. ஏழு பேர் இருந்த அறையைப் பற்றி அவர் கேட்டிருந்தார். அது அவருக்கு நினைவு வரவில்லை. இரண்டு குடும்பத்துக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் எழுதினார். மறுநாள் வகுப்பில், கதைப் புத்தகம் கொல்லும் என்று எங்களுக்குச் சொன்னார்.

அம்மா ஒருநாள் தன் பெட்டியைத் திறந்து நூல்கண்டை எடுத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பெட்டியைப் பூட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

தீபாவளிக்கு முன் அத்தை ஊரைவிட்டுப் போனாள். அச்சங்குளம் பக்கம் ஒரு தங்கை இருந்தாளாம். தீபாவளிக்கு மறுநாள் வழக்கம்போலத் தெருவெல்லாம் எழுத்துக் கிடந்தது. வெடித்த குழாய்களின் துணுக்குகள். அதற்கு முன் எல்லா வருஷமும் அவற்றைப் பொறுக்கி, விட்டுப்போன வார்த்தைகளை ஊகித்து விளையாடுவேன்.

பின்னாளில் நான் மதுரையில் ஒரு நாளிதழில் சேர்ந்தேன். முப்பத்தோரு வருஷம் செய்தி மேஜையில் இருந்தேன். எங்கள் பக்கத்திலிருந்து விபத்துச் செய்தி வராத வருஷம் இல்லை. கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் எனக் கூறப்படுகிறது. இடம் போதாதபோது வேறு வரிகளை வெட்டியிருக்கிறேன். அந்த வரியை ஒரு தடவைகூட வெட்டியதில்லை. ஒரு முறை அச்சங்குளத்துக்கே செய்திக்காகப் போனேன். அங்கே விசாரித்தேன். அப்படி ஒருத்தி இருந்தாள், குழாய் உருட்ட மாட்டேன் என்று சித்தாள் வேலைக்குப் போனாள், செத்து ஆறு வருஷம் ஆகிறது என்றார்கள்.

படக்கதையின் முடிவைச் சொல்ல வேண்டும் அல்லவா? கேட்டது நீங்கள். துரோகி வைத்தியர்தான். இரவில் படகில் இறங்கித் தீவுக்குப் போய் வந்ததால் அவருடைய செருப்பு நனைந்திருந்தது. ஒன்றாவது வாரத்திலிருந்தே ஓவியர் அதை வரைந்திருந்தார். அக்கா சரியாகச் சொல்லியிருந்தாள். அவளுக்கு அது தெரியாது.

பெப்பர்மின்ட் டப்பா அப்பாவின் வீட்டிலிருந்து விடுதிக்கும், விடுதியிலிருந்து வாடகை வீடுகளுக்கும், கடைசியாக இந்த வீட்டுக்கும் என்னோடு வந்தது. நான் அதைத் திறக்கவில்லை. இளமையில் பயமாக இருந்தது. பிறகு பயம் போய், திறந்து யாரிடம் சொல்வது என்று ஆனது. நீங்கள் கேட்ட வாரம்தான் அதை வெளியே எடுத்தேன். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. கத்தி முனையால் நெம்ப வேண்டியிருந்தது. பின்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வெள்ளைத் தாள் ஒன்றில் கொட்டி, பிரித்து, இரண்டிரண்டாக அடுக்கினேன்.

இருபத்தாறு இருந்தன.